பேச முடியாமல் கிடந்தபோது

சிவகாசியிலிருந்து

எனக்கு வந்த நோய்க்குப் பேர் கீலன் பாரே. ஆஸ்பத்திரியில் ஜி.பி.எஸ். என்பார்கள். 2025 ஜனவரியில் புனேயில் ஒரே சமயத்தில் நிறையப் பேருக்கு வந்து பேப்பரில் எல்லாம் அடிபட்டதே, அதேதான். எனக்கு அதற்குச் சில வருஷம் முன்பே வந்தது. கிருமியை எதிர்க்க வேண்டிய உடம்பின் சக்தி, ஆள் தெரியாமல் நம் நரம்புகளையே தாக்கிவிடும். பலருக்கு வயிற்றுப்போக்கோ சளிக் காய்ச்சலோ வந்து சரியான பிறகு, ஒன்றிரண்டு வாரத்தில் தொடங்கும். காலில் பிடித்து மேலே ஏறும்.

எனக்கும் வயிற்றுப்போக்கில்தான் ஆரம்பம். அது நின்றதும் பிரஸ்ஸுக்கு வேலைக்கும் போய்விட்டேன். ஆப்செட் மெஷின் ஓட்டுகிறவன் நான். ஒரு நாள் பாதம் மதமதவென்று இருந்தது. மறுநாள் படி ஏறும்போது முழங்கால் மடங்கியது. பக்கத்தில் இருந்த டாக்டர் சத்துக் குறைவு என்று ஊசி போட்டு அனுப்பினார். அதற்கடுத்து டீ கிளாஸ் கையில் நிற்கவில்லை. தம்பியும் மச்சானும் 108இல் ஏற்றி மதுரைப் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். அன்றைக்கு ராத்திரியே மூச்சு முட்டி, தொண்டையில் டியூப் போட்டு வென்டிலேட்டரில் வைத்துவிட்டார்கள்.

சரியான நேரத்தில் வைத்தியம் பார்த்த டாக்டர்களுக்கும், எங்களால் வாங்கவே முடியாத இம்யூனோகுளோபுலின் மருந்து கிடைக்க வழி செய்த முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்துக்கும் நான் கடன்பட்டவன். ஆனால் இங்கே எழுத வந்தது சிஸ்டர்களைப் பற்றி.

இந்த நோயில் நினைவு தப்பாது. காது கேட்கும். வலி தெரியும். பக்கத்துக் கட்டிலில் யாருக்கு என்ன ஆயிற்று என்பது வரை புரியும். விரல் மட்டும் அசையாது, முகம் அசையாது. எனக்குக் கண் இமைகூட மூடவில்லை. கருவிழியை மேலேயும் கீழேயும் உருட்ட முடிந்தது, அவ்வளவுதான். பார்க்கிறவர்களுக்கு நான் நினைவில்லாமல் கிடக்கிற ஆள். பார்வையாளர் நேரத்தில் வந்த உறவுக்காரர் ஒருவர் என் கட்டில் ஓரமாக நின்றுகொண்டே, "பையன் தேற மாட்டான் போலிருக்கே" என்று தம்பியிடம் சொன்னார். அவரைக் குற்றம் சொல்ல மாட்டேன், அவருக்கு என்ன தெரியும்? அப்போது மருந்து ஏற்றிக்கொண்டிருந்த சிஸ்டர் திரும்பி, "அண்ணே, அவருக்கு நீங்க பேசுறது எல்லாம் கேக்குது. நல்ல வார்த்தையாச் சொல்லுங்க" என்றார். குரலை உயர்த்தவே இல்லை. அந்த ஆளும் உடனே என் தலையைத் தடவி, "சீக்கிரம் எந்திரிச்சு வாப்பா" என்று சொல்லிவிட்டுப் போனார்.

இந்த சிஸ்டருக்கு நாற்பது வயதுக்கு மேல் இருக்கும். என்னைத் தம்பி என்றுதான் கூப்பிடுவார். டியூட்டிக்கு வந்ததும் முதலில் என் முகத்துக்கு நேராகக் குனிவார். தலையைத் திருப்ப முடியாதவனுக்கு ஓரத்தில் நின்று பேசினால் ஆள் தெரியாது, அது அவருக்குத் தெரிந்திருந்தது. "தம்பி, இன்னைக்கு வெள்ளிக்கிழமை, காலையில ஏழரை. வெளியே நல்ல மழை. அம்மா ராத்திரி வராண்டாவுலதான் படுத்திருந்தாங்க, இப்பக் கேன்டீன்ல இட்லி சாப்பிட்டாங்க, நானே பார்த்தேன்." ஐ.சி.யூ.வில் எந்நேரமும் விளக்கு எரியும், பகல் எது இரவு எது என்று புரியாது. கிழமையும் மணியும் தெரிந்தால் மனசு ஒரு நிலைக்கு வரும். அம்மா சாப்பிட்டாளா என்பதுதான் எனக்கு நாள் முழுக்க ஓடிக்கொண்டிருந்த கவலை. அதை நான் கேட்கவில்லை, கேட்கவும் முடியாது. அவராகவே சொன்னார், தினமும் சொன்னார்.

எதைச் செய்தாலும் தொடுவதற்கு முன்பே சொல்லிவிடுவார். "இப்ப இடது பக்கம் திருப்பப் போறேன்", "ஊசி போடப் போறேன், சுருக்னு இருக்கும்", "கண்ணுக்குச் சொட்டு மருந்து, அப்புறம் பிளாஸ்டர் ஒட்டிருவேன், கொஞ்ச நேரம் இருட்டா இருக்கும், பயப்படாதீங்க." உடம்பு நம் வசம் இல்லாதபோது திடீரென்று ஒரு கை வந்து புரட்டினால் எப்படி இருக்கும் என்று அனுபவித்தவர்களுக்குத் தெரியும்.

கொடுமையானது சக்‌ஷன். சளியை இருமித் துப்ப முடியாதவர்களுக்கு டியூப் வழியாகச் சின்னக் குழாய் விட்டு உறிஞ்சி எடுப்பார்கள். அந்த நேரம் மூச்சே நின்றுபோகிற மாதிரி இருக்கும், நாடியும் இறங்கும். இந்த சிஸ்டர் முதலில் ஆக்சிஜனைக் கூட்டி வைப்பார். பிறகு, "பத்து எண்றதுக்குள்ள எடுத்துருவேன். நீங்களும் மனசுக்குள்ள எண்ணுங்க" என்று சொல்லி, சத்தமாக ஒண்ணு, ரெண்டு என்று எண்ணிக்கொண்டே செய்வார். ஒருநாளும் பத்தைத் தாண்டியதில்லை. எட்டில் முடித்தால், "இன்னைக்கு ரெண்டு மிச்சம்" என்பார். முடிவு எங்கே இருக்கிறது என்று தெரிந்தால் எதையும் தாங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. அவரைப் பார்த்து மற்ற சிஸ்டர்களும் எண்ண ஆரம்பித்தார்கள்.

ஒரு ராத்திரி பாதத்தில் நெருப்பு வைத்த மாதிரி வலி. இந்த நோயில் நரம்பு வலி அப்படித்தான் வரும், மெல்லிய துணி பட்டாலே தாங்காது. போர்வையை எடுங்கள் என்று சொல்ல வேண்டும். எப்படிச் சொல்ல? கண்ணில் தண்ணீர் மட்டும் வழிந்தது. சிஸ்டர் பார்த்துவிட்டார். வலிக்குதா என்று கேட்டு, "ஆமான்னா மேல பாருங்க, இல்லைன்னா கீழ பாருங்க" என்றார். மேலே பார்த்தேன். எங்கே என்று ஒவ்வொரு இடமாகக் கேட்டுக் கால் வரை வந்துவிட்டார். மருந்து கொடுத்தார். ஆனால் போர்வைதான் காரணம் என்பதை என்னால் சொல்ல முடியவில்லை.

மறுநாள் தம்பியிடம் பெரிய வெள்ளைத் தாள் வேண்டும் என்று கேட்டிருக்கிறார். அவன் பிரஸ்ஸிலிருந்து வேஸ்ட் ஷீட் ஒரு கட்டே கொண்டுவந்துவிட்டான். அதன் பின்பக்கம் மார்க்கரில் உயிரெழுத்து பன்னிரண்டையும் ஒரு வரி எழுதினார். மெய்யெழுத்தை மூன்று வரியாகப் பிரித்தார். ஒன்றாம் வகுப்பு டீச்சர் மாதிரி என் முன்னால் பிடித்துக்கொண்டு, "வல்லினமா? மெல்லினமா? இடையினமா?" என்று கேட்டார். வல்லினத்தில் மேலே பார்த்தேன். க, ச, ட, த, ப என்று விரல் வைத்துக்கொண்டே போனார். ப வந்ததும் மேலே பார்த்தேன். அப்புறம் உயிர் வரிசையில் ஓ. அடுத்தது இடையினம், ர். "போர்... போர்வையா தம்பி? குளிருதா?" கீழே பார்த்தேன். "எடுக்கணுமா?" மேலே பார்த்தேன். போர்வையை விலக்கியதும் என் கண்ணையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு எங்கேயோ போய் சலைன் பாட்டில் வருகிற அட்டைப்பெட்டி ஒன்றைக் கொண்டுவந்து, இரண்டு பக்கம் வெட்டி, கூடாரம் போல என் பாதத்துக்கு மேல் கவிழ்த்து, அதன் மேல் போர்வையைப் போட்டார். குளிரவும் இல்லை, துணி காலில் படவும் இல்லை. வாரக்கணக்கில் தூக்கம் இல்லாதவன் அன்றைக்குத்தான் தூங்கினேன்.

அந்தத் தாளைக் கட்டில் தலைமாட்டில் ஒட்டிவைத்து, அடுத்த ஷிப்ட் ஆட்களுக்கும் எப்படிக் கேட்க வேண்டும் என்று எழுதிவைத்தார். எல்லோரும் அவ்வளவு பொறுமையாகக் கேட்டார்கள் என்று சொல்ல முடியாது. அந்த வார்டில் அத்தனை பேருக்கு ஓடுகிறவர்களிடம் அதை எதிர்பார்ப்பதும் நியாயமில்லை. ஆனால் தாள் அங்கே ஒட்டியிருந்ததாலேயே இவன் பேசுகிறவன் என்று எல்லோருக்கும் பட்டுவிட்டது.

இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிவிடுவார்கள், ராத்திரியும்தான். கழுத்தில் துளை போட்டு டியூப் மாற்றியது, மெல்ல மெல்ல மிஷினைக் குறைத்தது எல்லாம் நீண்ட கதை. தோள்பட்டை முதலில் லேசாகத் துடித்ததைப் பார்த்தது நைட் டியூட்டியில் இருந்த ஒரு சின்ன வயது சிஸ்டர். "அண்ணா, இன்னொரு தடவை, இன்னொரு தடவை" என்று கேட்டுக் கேட்டுச் செய்யவைத்து, ஆயாம்மாவைக் கூப்பிட்டுக் காட்டி, டாக்டரையும் எழுப்பிவிட்டார். பிசியோதெரபிக்குப் போனபோது என் முதுகைப் பார்த்த டாக்டர், இவ்வளவு நாள் படுத்தும் ஒரு புண்கூட இல்லையே, யார் பார்த்துக்கொண்டது என்று கேட்டார். அம்மாவுக்கு அப்போதுதான் அந்த ராத்திரிப் புரட்டல்களின் அருமை தெரிந்தது.

நடக்க ஆரம்பித்ததும் நன்றி சொல்லப் போனேன். அந்த சிஸ்டர் வேறு ஊருக்கு மாற்றலாகிப் போயிருந்தார். நர்சிங் சூப்பரின்டென்டென்ட் மேடத்திடம் நடந்ததை எல்லாம் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு வந்தேன். போன் நம்பர் கேட்பது முறையில்லை என்று கேட்கவில்லை. அவர் இதைப் படித்தால், அக்கா, நான் இப்போது மறுபடியும் மெஷின் ஓட்டுகிறேன்.

திண்டுக்கல் பக்கம் ஒரு கிராமத்திலிருந்து

எனக்கு நடந்தது இவ்வளவு பெரிய விஷயம் இல்லை. தலைப்பிரசவம், எங்கள் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்தில். தமிழ்நாட்டில் இரவும் பகலும் பிரசவம் பார்க்க வேண்டும் என்று ஒவ்வொரு நிலையத்திலும் மூன்று செவிலியர்களை முறைவைத்துப் போட்டிருப்பதால், நள்ளிரவில் போனபோதும் சிஸ்டர் இருந்தார்.

குழந்தை பிறந்தது. பால் பிடிக்கத் தெரியாமல் அழுகிறான், எனக்கோ கை கால் எல்லாம் நடுக்கம். மாமியார் சேனை வைக்கச் சர்க்கரைத் தண்ணீர் கலக்கிக் கையில் வைத்திருக்கிறார். அவர் கையால் வைத்த பிள்ளைகள் எல்லாம் நன்றாக இருக்கின்றன என்ற நம்பிக்கை அவருக்கு. சிஸ்டர் அவரைத் திட்டவில்லை. "பாட்டி, உங்க பேரனுக்கு முதல் ருசி அம்மாவோட சீம்பாலா இருக்கட்டும். நீங்க கொஞ்சம் அவ முதுகைப் பிடிச்சுக்கோங்க, சாய்ஞ்சுக்கட்டும்" என்று அவருக்கும் ஒரு வேலை கொடுத்தார். மாமியார் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு என்னைத் தாங்கிக்கொண்டார். சிஸ்டர் தரையில் உட்கார்ந்து, குழந்தையின் வாயை எந்தக் கோணத்தில் வைக்க வேண்டும் என்று காட்டி, அவன் உறிஞ்சுகிற சத்தம் கேட்கும் வரை எழுந்திருக்கவே இல்லை. எனக்கும் மாமியாருக்கும் நடுவில் அன்றைக்கு ஒரு மனஸ்தாபம் வராமல் காப்பாற்றியதும் அவர்தான். இரண்டாவது பிரசவத்துக்கு மாமியாரே, "அந்தப் பொண்ணு டியூட்டியில இருக்கான்னு பாரு" என்றார்.

கிளிநொச்சியிலிருந்து

எங்கட அம்மாவுக்கு மார்பகப் புற்றுநோய். தெல்லிப்பழை வைத்தியசாலையின் புற்றுநோய்ப் பிரிவில் சிகிச்சை எடுத்தவ. 2011ஆம் ஆண்டு தெய்வேந்திரமுனையில இருந்து பருத்தித்துறை வரைக்கும் நாடு முழுக்க நடந்து காசு சேர்த்துக் கட்டின இடம் அது. அதுக்கு முதல் எங்கட பக்கத்துச் சனம் கனபேர் இதுக்காகக் கொழும்புக்குக் கிட்ட இருக்கிற மகரகம ஆஸ்பத்திரிக்குத்தான் போய்வந்தவை.

அம்மாவுக்கு நரம்பு பிடிபடாது. கீமோ தொடங்கின பிறகு இன்னும் மோசம். குத்திக் குத்திக் கை முழுக்கக் கன்றிப் போய், ஊசி எண்டாலே அழுவா. ஒரு மிஸி (நர்ஸ்) வந்து ஊசியைத் தூரத்தில வைச்சிட்டு, சுடுதண்ணியில துவாயை நனைச்சுப் பிழிஞ்சு அம்மாவின்ர கையில சுத்திவிட்டா. கையைக் கட்டிலுக்குக் கீழ தொங்கவிடச் சொல்லிப் போட்டு, அம்மாவின்ர ஊர் எது, தோட்டத்தில என்ன பயிர் எண்டு கதை கேட்டுக்கொண்டு இருந்தா. கொஞ்ச நேரத்தில நரம்பு எழும்பிச்சுது. ஒரே குத்தில ஏற்றிப்போட்டா. அம்மாவுக்குத் தெரியவே இல்லை.

அதைவிட நான் மறக்காதது ஒண்டு. மருந்து ஏறி முடிய நேரம் செல்லும். பின்னேரம் பஸ்ஸை விட்டால் பிறகு வீட்டுக்குப் போக வழியில்லை. வாந்தியோட அம்மாவை வைச்சுக்கொண்டு பஸ் நிலையத்தில நிண்ட கதையை ஒரு நாள் பேச்சுவாக்கில சொன்னனான். அடுத்தமுறை போகேக்க அந்த மிஸி கொப்பியில ஒவ்வொருத்தரின்ர பேருக்கு நேரயும் ஊரை எழுதி வைச்சிருந்தா. கிளிநொச்சி, முல்லைத்தீவு ஆக்களுக்கு முதல் தொடங்கினா. கிட்ட இருந்த யாழ்ப்பாணத்து ஆக்களிட்ட, "நீங்கள் கொஞ்சம் பொறுப்பியள்தானே, அவை தூரத்து ஆக்கள்" எண்டு தானே போய்க் கேட்டவ. ஒருத்தரும் முகம் சுளிக்கேல்லை. அம்மா இப்ப இல்லை. அம்மாவின்ர கடைசி மாதங்களில அவ ஆஸ்பத்திரிக்குப் பயமில்லாமல் வெளிக்கிட்டதுக்கு அந்த மிஸிதான் காரணம்.

சென்னையிலிருந்து, ஓய்வுபெற்ற செவிலியர்

சிவகாசித் தம்பி எழுதியதைப் படித்துவிட்டு வெகுநேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன். தொடுவதற்கு முன் சொல், நினைவில்லாத நோயாளியிடமும் சொல் என்றுதான் எங்களுக்கு டிரெய்னிங்கிலேயே கற்றுக்கொடுத்தார்கள். நான் படித்தது சென்னை ஜி.ஹெச்.சில். நாட்டிலேயே முதலில் செவிலியர் பயிற்சி தொடங்கியது அங்கேதான், 1871இல், என்று எங்கள் மேட்ரன் பெருமையாகச் சொல்வார். நாங்கள் சொல்கிறோம், எதிரில் இருப்பவரிடமிருந்து பதில் வராது. கேட்டதா இல்லையா என்றே தெரியாமல் வருஷக்கணக்கில் பேசுகிறோம். கேட்டது என்று ஒருவர் எழுந்து வந்து சொல்வது எங்களுக்கு எத்தனை பெரிய விஷயம் தெரியுமா?

அதோடு இதையும் சொல்ல ஆசைப்படுகிறேன். வென்டிலேட்டரில் இருக்கும் ஒருவருக்கு ஒரு செவிலியர் என்பதுதான் இந்திய நர்சிங் கவுன்சில் வகுத்த கணக்கு. நடைமுறையில் அந்தக் கணக்கு பெரும்பாலும் எட்டுவதில்லை. ஒருத்திக்கே மூன்று நான்கு பேர் என்று ஆகும்போது மருந்து, சக்‌ஷன், கேஸ் ஷீட் எழுதுவது எல்லாம் நடந்துவிடும். முதலில் விட்டுப்போவது பேச்சுதான். 2015இல் மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் மூலம் வந்த செவிலியர் பிள்ளைகள் மாதம் 7,700 ரூபாய் தொகுப்பூதியத்தில் சேர்ந்தார்கள். அந்தச் சம்பளத்தில் விடுதி வாடகையும் கட்டி, வீட்டுக்கும் அனுப்பி, நைட் டியூட்டியும் பார்த்தார்கள். பிறகு ஊதியம் கூடியது, பலர் நிரந்தரமும் ஆனார்கள். சிரித்துப் பேசவில்லை என்று ஒரு சிஸ்டர் மேல் கோபம் வந்தால், அன்றைக்கு அந்த வார்டில் எத்தனை கட்டில், எத்தனை செவிலியர் என்று ஒருமுறை எண்ணிப் பாருங்கள். குறை இருந்தால் கட்டாயம் எழுதிக் கொடுங்கள், ஆள் போதவில்லை என்பதையும் அதிலேயே எழுதுங்கள். எங்கள் வாயால் சொன்னதைவிட நோயாளிகள் எழுதியதற்கு மேலதிகாரிகளிடம் மதிப்பு இருந்ததைப் பார்த்திருக்கிறேன்.

கோயம்புத்தூரிலிருந்து

சிவகாசி அண்ணாவுக்கு. என் அண்ணனுக்கும் ஜி.பி.எஸ்.தான், வென்டிலேட்டரில் இருக்கிறார். மருந்து முடிந்தும் அசைவு இல்லை. ஒரு நாளைக்குக் கொஞ்ச நேரம்தான் உள்ளே விடுகிறார்கள். நாங்கள் என்ன செய்ய வேண்டும்?

சிவகாசியிலிருந்து

தம்பி, மருந்து முடிந்தவுடனே அசைவு வராது. எனக்கும் வரவில்லை. இந்த நோயில் நரம்பின் மேல் இருக்கும் உறை சிதைந்துவிடும், அது மறுபடி வளர மாசக்கணக்கில் ஆகலாம், டாக்டர் சொல்வதைக் கேட்டுக்கொள்ளுங்கள், மனசை விட்டுவிடாதீர்கள். உள்ளே போனதும் அவர் கண்ணுக்கு நேராக வந்து நில்லுங்கள். பேரைச் சொல்லிக் கூப்பிட்டுக் கிழமையைச் சொல்லுங்கள். வீட்டில் யார் யார் எப்படி இருக்கிறார்கள், பணத்துக்கு என்ன ஏற்பாடு என்பதை அவர் கேட்காமலேயே சொல்லுங்கள், உள்ளே அதைத்தான் நினைத்துக்கொண்டிருப்பார். அழுகை வந்தால் வெளியே போய் அழுதுவிட்டு வாருங்கள். கண்ணாடி போடுகிறவர் என்றால் கண்ணாடியைச் சிஸ்டரிடம் கொடுத்து, போட்டுவிடலாமா என்று கேளுங்கள்.

சிஸ்டரிடம் உங்கள் அண்ணனைப் பற்றிப் பேசுங்கள். என்ன வேலை, எத்தனை பிள்ளைகள், யார் பாட்டுப் பிடிக்கும் என்று. அப்போதுதான் அவரிடம் பேச அவர்களுக்கும் விஷயம் இருக்கும். எழுத்து அட்டையை மேலே சொன்ன மாதிரியே உயிரெழுத்து ஒரு வரி, மெய்யெழுத்து மூன்று வரி என்று எழுதுங்கள், எழுத்து ஒவ்வொன்றும் உள்ளங்கை அளவு இருக்கட்டும். முதல் வரிக்கு மேலே வலி, சளி, திருப்பணும், போர்வை, குளிர் என்ற சொற்களைத் தனியாக எழுதிவிடுங்கள். பாதி நேரம் அதிலேயே வேலை முடிந்துவிடும். அட்டையை ஒட்டுவதற்கு முன்னால் டியூட்டி சிஸ்டரிடம் அனுமதி கேட்டுவிடுங்கள்.